அருவி நனைக்காத நிவேதா

கலைக்களஞ்சியத்திலிருந்து நிவேதாவைப் பற்றிய கட்டுரை நீக்கப்பட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, குற்றாலம் பேரருவிக்குள் நின்ற அவள் நனையாமல் வெளியே வந்தாள். சாரல் நன்றாக இருந்தது. பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. தண்ணீர் அவள் தலைக்கு ஒரு சாண் மேலே இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் நின்றவர்கள் மேல் விழுந்தது. வீட்டுக் குழாயில் எப்போதும்போல் நனைந்தாள். அருவிதான் அவளைத் தொடவில்லை.

சுந்தரபாண்டியபுரத்துக்காரியான நிவேதா ‘மடை’ என்றொரு சிறிய நிரல்மொழியை உருவாக்கியிருந்தாள். தோட்டத்து மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதை அதில் எழுதலாம். உலகத்தில் அதை அறிந்தவர்கள் எல்லோரும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்த மொழியின் விளக்கக் குறிப்புகளைத் தானாகத் தொகுத்துத் தரும் மென்பொருளை எழுதியவள் தென்காசி மாஜிதா, கல்லூரியில் நிவேதாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் மடையை ஒருவரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பின்லாந்து ஆய்விதழ் ஒன்று நிவேதாவை மட்டும் பாராட்டி எழுதியது. இணையக் கலைக்களஞ்சியத்தில் வந்த கட்டுரையிலும் அவள் பெயர் மட்டும்தான். மாஜிதா வாழ்த்துச் சொன்னாள். அன்றைக்கு வைத்த மீன்குழம்பில் உப்புப் போட மறந்தாள்.

பிறகு மாஜிதா இன்னொரு மென்பொருள் எழுதினாள். கலைக்களஞ்சியக் கட்டுரைகளின் சான்றுகள் உண்மையில் இருக்கின்றனவா, கட்டுரை சொல்வதைத்தான் அவையும் சொல்லுகின்றனவா என்று அது சரிபார்க்கும். கலைக்களஞ்சிய ஆசிரியர்கள் அதை நம்பினார்கள். ஒருநாள் அதை நிவேதாவின் கட்டுரைமேல் ஓடவிட்டாள். ஆய்விதழ் தன் இணைய முகவரியை மாற்றியிருந்ததால் ‘சான்று இல்லை’ என்று வந்தது. புதிய முகவரி மாஜிதாவுக்குத் தெரியும். ஆனாலும் நீக்கலாம் என்று ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். கட்டுரை போயிற்று.

அவள் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை, கூட்டம்தான் வந்தது. நனையாத பெண்ணைப் பார்க்க அச்சன்புதூரிலிருந்தும் செங்கோட்டைக்கு அப்பாலிருந்தும் வேன்கள் வந்தன, பத்திரிகைகள் எழுதின. சவுதியிலிருந்து பேசும் மாஜிதாவின் கணவன் முஃபீத் பிள்ளைகளை விசாரிக்கும் முன்னே, நிவேதா இன்னும் நனையவில்லையா என்று கேட்டான். அருவி ஒதுக்கியதிலும் அவளுக்குத்தான் பெயரா என்று மாஜிதாவுக்கு வயிறு எரிந்தது.

ஐப்பசி அடைமழையில் அவள் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனாள். நிவேதா மடையின் புதிய பதிப்பில் பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

“அந்த அட்ரஸ் எனக்குத் தெரியும்ட்டி. தெரிஞ்சேதான் விட்டேன்.”

“தெரியும். ஒப்புதல் குடுத்தது யாருன்னு ஒன் மென்பொருளே காட்டுதுல்லா.”

“பொறவு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“பின்லாந்துக்காரன் கேட்டப்ப ஒன் பேர நான் சொல்லல. அவன் எழுதுனத வாசிக்கும்போது எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அத வச்சிக்கிட்டு ஒன்ன என்னன்னு கேக்க?”

மாஜிதா அங்கேயே உட்கார்ந்து புதிய முகவரியைச் சேர்த்தாள், நிவேதா அவள் பெயரைச் சேர்த்தாள். கட்டுரை திரும்பி வந்தது, இந்த முறை இருவர் பெயரோடும். சில நாளில் யாரோ ஒரு வாசகர் அதன் கடைசியில் ஒரு வரி கூட்டியிருந்தார்: மொழியை உருவாக்கியவர் அருவியில் நனைவதில்லை. அதற்குப் பத்திரிகைச் சான்றுகள் இருந்தன. மாஜிதாவின் மென்பொருள் அவற்றைச் சரிபார்த்து, எல்லாம் சரி என்று பச்சை காட்டியது.

கட்டுரை வந்தும் அருவி மனம் மாறவில்லை. மறு சீசனில் வேன்கள் குறைந்துவிட்டன. குளிக்க வரும் பெண்கள் தங்கள் துண்டையும் கைப்பேசியையும் நிவேதாவிடம் கொடுத்துவைக்கப் பழகிக்கொண்டார்கள்; அருவிக்கு அடியிலேயே அவை காய்ந்தபடி இருந்தன. மாஜிதாவும் தன்னுடையதை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பொறாமையோடுதான், தண்ணீருக்குள் போனாள்.