இரண்டிலிருந்து நாலு வரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்பில் பிறந்ததாக நினைத்துக்கொண்டு நீங்கள் உள்ளே வந்துவிடக்கூடாது. என் ஓமா ஹெட்விக், அம்மாவைப் பெற்றவள், செத்து மூன்றாம் நாள். அவளுடைய வீட்டில், அவளுடைய நாற்காலிகளில் உட்கார்ந்து பதினோரு பேர் அவளை நினைத்துச் சிரித்தார்கள்.

2

தொடக்கம் அ: 1936இல் ஹைஃபா துறைமுகத்தில் ஓர் இளம்பெண் இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள், அவள் கண்களில்—

(நிறுத்திவிட்டேன். நான் படிக்கிற வெளிநாட்டு நாவல்களில் எல்லாப் பாட்டிகளும் கப்பலிலிருந்து இறங்குகிறார்கள். சாகும்போது பனி வேறு பெய்கிறது. ஓமா செத்தது தொண்ணூற்றாறு ஆகஸ்டில். மின்விசிறி வெக்கையைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது.)

தொடக்கம் ஆ: அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஜெர்மனியில், ப்ரெஸ்லாவிலேயே தங்கிவிட்டார்கள். பிறகு—

(அங்கே தங்கிவிட்ட யூதர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவள் பேசாததை எடுத்து என் கதைக்கு எடை கூட்டிக்கொள்ள எனக்கு என்ன உரிமை?)

தொடக்கம் இ: மதியம் இரண்டு மணி ஆனால் ஓமா வீட்டுக் கதவு சாத்தப்படும்.

ஆம். இதுதான்.

3

ஜன்னல் பலகைகள் இறங்கும். தொலைபேசியின் மேல் கம்பளி விழும். நாலு மணி வரை யாரும் கதவைத் தட்டக்கூடாது. தர்பூசணி வண்டிக்காரன் எங்கள் தெருவில் மட்டும் கூவாமல் போவான்.

ஜெர்மனியிலிருந்து வந்தவர்களை இந்த ஊரில் யெக்கே என்பார்கள். கொளுத்தும் வெயிலில் கோட்டு, ஐந்து நிமிடம் முன்னதாக வருகை, அறுபது வருடமாகியும் நாக்கில் புரளாத ஹீப்ரு. அந்தப் பேரைச் சொன்னாலே போதும், கேட்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஓர் ஆளைக் கொல்ல இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

4

துக்கம் காக்கும் ஏழு நாளும் வீட்டுக் கதவு பூட்டாமல் இருக்கும். தட்டாமல் நேரே உள்ளே வரவேண்டும். ஆனாலும் வாசலில் ஒட்டும் அறிவிப்பில் 'இரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு' என்று ஒரு வரி போடுவார்கள். கிடியோன் மாமா அந்த வரியை அடித்துவிட்டார்.

"அம்மா இனிமே தூங்கவா போறாங்க? ஜனங்க வரட்டும்."

வந்தார்கள். மூன்றாம் நாள், மதியம் இரண்டரை மணி.

"நல்லவேளை, காலையிலயே அடக்கம் பண்ணிட்டோம்," என்றார் மாமா. "ரெண்டு மணிக்குன்னு வச்சிருந்தா எந்திரிச்சு உக்காந்து திட்டியிருப்பாங்க."

சிரிப்பு.

மேல்வீட்டு மஸால் புஸாக்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொராக்கோக்காரி, தெருக்கோடி வரை கேட்கும் குரல். "எனக்குப் பிரசவ வலி எடுத்தது மூணு மணிக்கு. அந்த மகராசி ஜன்னலைத் திறந்து என்ன சொன்னா தெரியுமா? 'கொஞ்சம் மெதுவா கத்துங்க, மேடம்'னா!"

பதினோரு பேரும் சிரித்தார்கள்.*

* மஸாலை வெறுக்க முயன்றேன். முடியவில்லை. மூன்று நாளாக எங்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் அவள்தான்.

"பாதி ஆயுசு தூக்கத்துலயே போச்சு பாவம்," என்றார் மாமா.

"ஓமா தூங்கல," என்றேன்.

"என்ன ரோதெம்?"

"ரெண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டு ஓமா ஒருநாளும் தூங்கினதில்ல."

மஸால் முன்னால் சாய்ந்தாள். "அப்போ உள்ள என்னதான்டி பண்ணா? ஆறு வயசுலருந்து நீதானே அவகூட இருந்த. சொல்லு!"

5

அவள் ஸ்டாக்கிங்ஸைக் கழற்றி எறிவாள். கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து—

(அடித்துவிட்டேன்.)

சத்தம் வெளியே போகாமல் இருக்க, தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு—

(இதையும்.)

ஆறு வயதில் கையடித்து வாக்குக் கொடுத்திருக்கிறேன். "யாருக்கும் சொல்லாத," என்றாள் உடைந்த ஹீப்ருவில். "நாள் பூரா ஹெட்விக் எல்லாருக்கும். ரெண்டு மணி நேரம், யாருக்கும் இல்ல. நான் செத்தாலும் சொல்லாத. செத்தாதான் எல்லாரும் உள்ள வருவாங்க."

சொன்னால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள். என் ஓமா கேலிப் பேச்சிலிருந்து எழுந்து ஒரு மனுஷியாக நிற்பாள். சொன்னால், அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே இடத்துக்குள் பதினோரு பேரைச் செருப்புக் காலோடு நானே கூட்டிப்போனதாகவும் ஆகும்.

6

முடிவு ஒன்று: சொல்கிறேன். மஸால் அழுகிறாள், மாமா என்னைக் கட்டிக்கொள்கிறார். இந்தக் கதையைப் பத்திரிகையில் போடுவார்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பொய் சொல்கிறேன். செத்துப்போன அப்பா அம்மாவுக்குத் தினமும் கடிதம் எழுதினாள் என்கிறேன். உடனே நம்புவார்கள். அவர்கள் அவ்வளவு சுலபமாக நம்புவார்கள் என்பதாலேயே இதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. எழுந்து நின்றேன்.

"மணி ரெண்டே முக்கால். எல்லாரும் கிளம்புங்க. நாலு மணிக்கு மேல வாங்க."

"துக்க வீட்டுல ஆளுங்கள வெளிய அனுப்புறியா? பைத்தியமா உனக்கு?" என்றார் மாமா.

"நீங்களும்தான் மாமா. கீழ போய் சிகரெட் பிடிச்சிட்டு வாங்க."

மஸால் கையைத் தட்டினாள். "பாத்தீங்களா! கிழவி எங்கயும் போகல. பேத்தியா வந்து நிக்கிறா, குட்டி யெக்கே!"

முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். படிக்கட்டு முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டது. நாளையிலிருந்து இதையும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லட்டும். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

7

இப்போது யாரோ கதவின் கைப்பிடியைத் திருகுகிறார்கள்.

மாமா கீழே புகைத்துக்கொண்டிருக்கிறார். மஸால் மேலே போய்விட்டாள். நீங்கள்தான். இவ்வளவு தூரம் கூடவே வந்தேனே, எனக்கு மட்டுமாவது சொல்லக்கூடாதா என்கிறீர்கள்.

எனக்கு உங்கள் மேல்தான் அதிகக் கோபம். அவர்களாவது சாப்பாடு கொண்டுவந்தார்கள்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. நாலு மணிக்கு மேல் வாருங்கள், கதவு திறந்திருக்கும். அப்போதும் சொல்ல மாட்டேன்.