பார்க்கிங் சென்சார்

நெவில் தன் மனைவியிடம் சொன்ன பொய் ரொம்பச் சின்னது. "வண்டிக்குப் பார்க்கிங் சென்சார் போட்டிருக்கேன்." அவ்வளவுதான். அதைக்கூட அவன் சொந்தமாக யோசித்துச் சொல்லவில்லை. விற்றவர்களே பெட்டியின்மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

பெட்டிக்குள் இருந்தது வேறு. சாலையோரம் நின்று போலீஸ்காரர் வேகத் துப்பாக்கியை நீட்டுவாரே, அதிலிருந்து கிளம்பும் லேசர் ஒளி வண்டியில் பட்டுத் திரும்பி வந்தால்தான் வேகம் எத்தனை மைல் என்று தெரியும். இந்தக் கருவி அந்த ஒளியை மோப்பம் பிடித்து, பதிலுக்குத் தானும் ஒளியை அடித்துக் குழப்பிவிடும். துப்பாக்கியின் திரையில் எண்ணுக்குப் பதிலாகப் 'பிழை' என்று வரும். லேசர் ஜாமர் என்பது அதன் நிஜப் பெயர். இங்கிலாந்தில் இதை வைத்துப் போலீசை ஏமாற்றி அகப்பட்டுக்கொண்டால் ஜெயில்கூட உண்டு. பெட்டியின்மேல் ஏன் அப்படி அச்சடிக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

நெவிலுக்கு இது எதற்கு? உருளைக்கிழங்கு தரம்பிரிக்கும் மெஷின்களுக்கு பெல்ட் விற்கிறவன் அவன். லிங்கன்ஷயர் முழுக்கப் பண்ணை பண்ணையாகச் சுற்றுவதுதான் பிழைப்பு. வேகமாக ஓட்டி ஓட்டி லைசென்ஸில் ஒன்பது அபராதப் புள்ளி ஏறிவிட்டது. பன்னிரண்டு ஆனால் லைசென்ஸ் போச்சு, வேலையும் போச்சு. மனைவி லொரெய்னுக்குத் தெரிந்தது முதல் மூன்று மட்டும்தான். மிச்சத்தை முழுங்கிவிட்டான். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மெதுவாக அழுத்தியிருந்தால் தீர்ந்துபோகிற விஷயம். செய்தானா? அதுதான் இல்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் படிக்க ஆரம்பித்தான். இதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்து ஓயாமல் சண்டை போடுகிறது. மலிவானதை வாங்காதே, அது வெறும் டப்பா என்றான் ஒருவன். ஒளியைப் பிடிக்க இரண்டு கண் போதும் என்றான் இன்னொருவன். உன் வண்டிக்கு மூஞ்சி அகலம், மூன்று கண் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை விழும் என்று மூன்றாமவன் படம் வரைந்தே காட்டினான். நெவில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தான். பெற்ற தாய்க்கு முதியோர் இல்லம் தேடியபோதுகூட அவன் இவ்வளவு படித்ததில்லை. அது அவனுக்கே உறைத்தது. உறைத்தும் மூன்று கண் உள்ளதை வரவழைத்தான்.

பூட்டிக் கொடுத்தவன் கெல்வின் என்று ஒருத்தன். ஸ்பால்டிங் ஊரைத் தாண்டி ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை. வண்டியின் முன்பக்க வலையைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு, சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே பாடம் நடத்தினான்.

"துப்பாக்கிக்காரன் எங்க குறி வைப்பான் தலைவரே? நம்பர் பிளேட்டுல. வண்டியிலேயே அதுதான் பளிச்சுனு திருப்பி அடிக்கும். அதனால அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மேல ஒண்ணு."

"வெளிய தெரியுமா?"

"கறுப்பு வலைக்குள்ள கறுப்புக் கண்ணு. உங்க வீட்டம்மா குனிஞ்சு முத்தம் குடுத்தாலும் தெரியாது."

ஒவ்வொரு கண்ணின் மேலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். கொஞ்சம் சாய்ந்தாலும் கழற்றி மறுபடி பூட்டினான். ஒயரை எஞ்சின் பக்கமிருந்து ரப்பர் துளை வழியாக உள்ளே இழுத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பட்டனை ஒட்டினான்.

"இது 'லேசர் லேசர்'னு கத்தும். கத்தினதும் பிரேக்க மிதிங்க. வேகம் இறங்கினதும் இந்தப் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிடணும். அவனுக்கும் ஒரு நல்ல நம்பர் கிடைக்கட்டும், சந்தோஷமாப் போவான். ஆஃப் பண்ணாம ஓட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா சந்தேகம் வந்துரும். அப்புறம் என்னைய உங்களுக்குத் தெரியாது, உங்களை எனக்குத் தெரியாது."

நெவில் கூச்சத்தோடு தலையாட்டினான். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு சிக்கல் புரிந்தது. பார்க்கிங் சென்சார் எந்த ஊரில் 'லேசர்' என்று கத்தும்? அதனால் வேலைக்குக் கிளம்பியதும் சத்தத்தைத் திறப்பான், வீட்டுத் தெருவில் திரும்பியதும் மூடுவான். பட்டனுக்குப் பக்கத்தில், லேசர் பட்டால் சிமிட்டும் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். சத்தத்தை மூடிவிட்டால் கருவியையே மூடிவிட்டதாக அவன் மனசு எடுத்துக்கொண்டது. வண்டியைக் கிளப்பினால் அதுவும் தானாகக் கிளம்பும் என்பதை அடியோடு மறந்துபோனான்.

லொரெய்னுக்கோ ஒரே பெருமை. "முப்பது வருஷமா தூண்ல இடிச்ச மனுஷன், இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று தெருவெல்லாம் சொன்னாள். பிறகு அந்தச் சென்சாரை நம்பி ஒருநாள் வண்டியை கராஜுக்குள் விட்டவள், நேரே சுவரில் போய் முட்டினாள்.

"கத்தவே இல்லையே நெவில், உன் சென்சார்!"

"அது... சுவர் ரொம்ப வழவழன்னு இருந்தா அதுக்குத் தெரியாது."

"அப்ப சொரசொரப்பான சுவரா பாத்துத்தான் நிறுத்தணுமோ?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று தேவைப்பட்டதே என்று அன்று ராத்திரி கொஞ்ச நேரம் புரண்டான். பிறகு தூங்கிவிட்டான்.

அவர்கள் குடியிருந்த மார்ட்பி கிராமத்தில் வேகக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இருந்தது. ஊர்க்காரர்களே மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு சாலையோரம் நின்று, பறக்கிற வண்டிகளைக் குறித்துப் போலீசுக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையை ஆட்சி செய்து ஓய்வுபெற்ற மாரீன் பாஸ்க்தான் அதற்குத் தலைவி. மே மாதம் லொரெய்ன் அதில் சேர்ந்தாள். சாலையில் நிற்பதற்கு முன் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. அதற்குப் பழகிக்கொள்ளச் சொல்லி மாரீன் துப்பாக்கியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாள்.

"வீட்டு வண்டியை வெச்சு உங்க சந்துக்குள்ளயே பழகு கண்ணு. நம்பர் பிளேட்டப் பாத்து ஆடாமப் பிடிக்கணும். பிழைன்னு வந்தா மெஷின் மேல பழி போடாத. கை ஆடுதுன்னு அர்த்தம்."

வீட்டுக்குப் பின்னால் பீட்ரூட் வயலோடு முட்டி நிற்கும் சந்து. வேறு வண்டி எதுவும் வராது. சாயங்காலம் நெவில் கோடியிலிருந்து ஓட்டி வருவான், லொரெய்ன் இந்த முனையில் துப்பாக்கியோடு நிற்பாள். முதல் தடவை பிழை. இரண்டாம் தடவையும் பிழை. அன்றைக்கு முழுக்க ஓட்டினான், அன்றைக்கு முழுக்கப் பிழை.

"பழகினா வந்துரும்" என்றான் நெவில். மனசாரத்தான் சொன்னான்.

மறுநாளும் அதேதான். வேலிக் கம்பத்தில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். வரவில்லை. ராத்திரி சாப்பிடும்போது முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு வலது கையை நீட்டி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவுக்கு டீ கோப்பைலதான் ஆரம்பிச்சுது" என்றாள். "சாசர்ல கடகடன்னு ஒரு சத்தம். வேற ஒண்ணுமே தெரியல அப்ப."

அவளுடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி நான்கு வருஷம் லொரெய்ன்தான் ஊட்டிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'அப்பாவோடது' என்பார்கள்.

"சும்மா இரு. கல்லு மாதிரி இருக்கு உன் கை" என்று சொல்லித் தட்டை எடுத்துக் கழுவப் போனான் நெவில்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். சந்தில் ஓட்டி வரும்போது, வெப்பத்தில் பசை இளகி அந்தக் கறுப்பு டேப் மடியில் விழுந்தது. உள்ளே சிவப்பு விளக்கு சிமிட்டு சிமிட்டென்று சிமிட்டியது. எதிரே லொரெய்ன், துப்பாக்கியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

அட பாவி! நெவிலுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இந்த மூன்று நாளும் அவளுடைய கையை ஆட்டியது இவன்தான். சட்டென்று பட்டனை அமுக்கினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி ஓட்டி வந்தான். இறங்கி ஓடிப்போய்ச் சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. கோளாறைச் சரிசெய்துவிட்டோம், இனி எண் வரும், அவள் பயம் தானாகப் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை என்று கணக்குப் போட்டான்.

எண் வந்தது. இருபத்தொன்பது மைல். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்து இறங்கினான். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இப்ப வருது" என்றாள். "அப்பாவுக்கும் இப்படித்தான் நெவில். சில நேரம் கை ஆடவே ஆடாது. அப்புறம் திரும்பி வரும்."

துப்பாக்கியை உறையில் போட்டு மூடினாள். மாரீனுக்குப் போன் செய்து, தன்னால் முடியாது, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகும்படி சொன்னாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவனும் இவன்தான். அதே வண்டியில். அவளை விரலோடு விரலைத் தட்டச் சொன்னார்கள், கோடு போட்டதுபோல நடக்கச் சொன்னார்கள். அவள் பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போலச் சொன்னதையெல்லாம் கவனமாகச் செய்தாள். நெவில் நாற்காலியில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அப்பாவுக்கு இருந்ததால் பெரிய டாக்டர் பார்ப்பது நல்லது, அதற்குத் தேதி கிடைப்பதற்குள் கோடை கழிந்துவிடும் என்றார் டாக்டர்.

வண்டியில் வந்து உட்கார்ந்ததும் லொரெய்ன் பெல்ட்டை மாட்டினாள்.

"மாடி இல்லாத வீடா இப்பவே பாத்துடலாம்" என்றாள். "அப்புறம்னா உனக்குத்தான் சிரமம். என்னையும் தூக்கிக்கிட்டு நீ படி ஏற முடியாது."

அவனுக்கு என்ன சிரமம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"கை இல்ல லொரெய்ன்" என்றான். "வண்டி. அது பார்க்கிங் சென்சார் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பது புள்ளி, கெல்வின், டேப், பட்டன் எல்லாம். ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னான்.

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முட்டாள், முட்டாள் என்று அவன் தோளில் நாலு அடி வைத்தாள். அவனும் சிரிக்க ஆரம்பித்தபோது அவள் நிறுத்தினாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றையாவது அவன் செய்யவில்லை.

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றாள் லொரெய்ன்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள். "போய் நில்லு. அந்தப் பட்டன் எங்க இருக்கு?" காட்டினான். அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைச் சந்தின் கோடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

நெவில் அவள் நின்ற இடத்தில் நின்று நம்பர் பிளேட்டைக் குறிபார்த்தான். வண்டி அவனைத் தாண்டி நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன வருது?"

"பிழை."

"சத்தமாச் சொல்லு. காதுல விழல."

"பிழை!"

மறுபடி போனாள், மறுபடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் சொன்னான். நாலைந்து தடவைக்குப் பிறகு ஒன்று நடந்தது. நெவில் தன் கையைக் குனிந்து பார்த்தான். ஆடுகிறதோ என்று ஒரு கணம் நிஜமாகவே சந்தேகம் வந்தது. எல்லாம் தெரிந்து நிற்கிற எனக்கே இப்படி என்றால், மூன்று நாள் இவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் வேலி ஓரமாக மாரீன் வந்தாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக வந்தவள் கையில், துணி மூடிய ஒரு தட்டு இருந்தது, ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்னப்பா இது, 'பிழை பிழை'ன்னு ஊருக்கே கேக்குது?" என்றாள். "லொரெய்ன், உனக்குத்தான் முடியலன்னு சொன்ன?"

லொரெய்ன் வண்டியை நிறுத்தினாள். பட்டனை அமுக்குவது நெவிலுக்குத் தெரிந்தது. அவன் வாயைத் திறந்தான். மாரீன் இந்த விஷயத்தில் யாரையும் விடமாட்டாள். சொந்த மருமகனையே போலீசுக்கு எழுதிப் போட்டவள். ஒரு வார்த்தை போதும், லைசென்ஸ் மட்டுமல்ல, இவனே உள்ளே போவான். இது லொரெய்னுக்கும் தெரியும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாரீன். நாளைக்கே பரீட்சைக்கு வரேன்" என்றாள் லொரெய்ன். முப்பது வருஷத்தில் அவள் பொய் சொல்லி நெவில் கேட்டதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் ஸ்டியரிங்கையே பார்த்தாள். "கை நடுக்கம் இவருக்குத்தான். இப்பத்தான் டாக்டர்கிட்ட போயிட்டு வரோம்."

"ஐயோ!" என்றாள் மாரீன். தட்டை வேலிக் கம்பத்தின்மேல் வைத்துவிட்டு வேகமாக வந்தாள். துப்பாக்கி கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல மெதுவாக அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு அவனுடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாத நெவில். நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? பண்ணைக்குப் போகணுமா, ஒரு போன் போடு, நானே ஓட்டிட்டு வரேன்." குனிந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "இதோ பாரு, பிடிச்சதும் எப்படி அடங்கிடுச்சு! ஆடவே இல்ல பாரு."

வண்டிக்குள்ளிருந்து லொரெய்ன் கண்ணைக்கூட இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாரீன்" என்றான் நெவில். "இப்ப ஆடல."