சனிக்கிழமை ஊசி

"எங்கம்மாவோட கார்டைக் குடுங்க."

கம்பெனி டிஸ்பென்சரியில் யாரும் கேட்கக்கூடாத பொருள் அது. மருந்துக் கார்டு பீரோவை விட்டு வெளியே போகாது. "எத வேணாலும் கேளு, கார்டக் கேட்டுப்புடாத. அடுத்த மாசம் ஒன்ன டைம் ஆபீஸ்ல பெர்மனன்ட் பண்ணப்போறாக" என்று அம்மா காலையில்கூடச் சொன்னாள். பெங்களூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், வார்த்தைக்கு வார்த்தை உதட்டை நனைத்துக்கொண்டு.

கம்பவுண்டர் கங்கப்பன் ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

"பேடம்மா, வேணாம். டாக்டர் வர்ற நேரம். போயி உன் சீட்டுல உக்காரு."

"உக்கார வரலண்ணா. கார்டு வேணும்."

அம்மா வீரலட்சுமிக்கு இதே கம்பெனியில், மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் லைனில் ஏழு வருஷம். டிசம்பரில் இடுப்பு வலி என்று இங்கே வந்தாள். அன்றிலிருந்து சத்து ஊசி. வீட்டில் நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள், அதுவும் கெமிஸ்ட்ரி. எலும்புக்குக் கால்சியம் நல்லது என்று தினமும் இரண்டு மாத்திரை, இரண்டு டம்ளர் பால், என் கையால் கொடுத்தேன்.

மார்ச்சில் தாகம் ஆரம்பித்தது. குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தாள். குடித்ததெல்லாம் உடனே வெளியே போனது. "பாத்ரூம்லயே உனக்கு ஒரு மிஷின் போட்டுரலாமா?" என்று சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். பிறகு மலச்சிக்கல். சோற்றைப் பார்த்தாலே குமட்டல். வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். மே மாதம் ஒருநாள், ஜூஜுவாடியில் வீட்டுக்கு வரவேண்டியவள் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கே போய் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர்தான் கம்பெனி பாட்ஜைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்.

பெங்களூருக்குக் கூட்டிப்போனேன், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கால்சியம் பத்தரைக்குமேல் போகக்கூடாதாம். அம்மாவுக்குப் பதினான்கைத் தாண்டியிருந்தது. "என்ன ஊசி, எத்தன போட்டாங்கன்னு எழுத்துல வேணும்" என்றார் பெங்களூர் டாக்டரம்மா. "வைட்டமின் டி ஊசின்னா நிறுத்திட்டு, ட்ரிப் ஏத்தி, மாத்திரையிலயே இறக்கிடலாம். இல்லன்னா கழுத்துல ஒரு சுரப்பி மேல சந்தேகம். கழுத்தத் திறந்து பாக்கணும். ரொம்ப நாள் காத்திருக்க முடியாது, கிட்னி தாங்காது."

கம்பெனி டாக்டர் வந்தார். நான் கேட்டதையே மறுபடி கேட்டேன்.

"பி.எஸ்ஸி. படிச்சா டாக்டருக்கே பாடம் எடுப்பியா?"

"பாடம் வேணாம் சார். கார்டு போதும்."

என் வாயை அடைக்கத்தான் அவர் பீரோவைத் திறக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன். கார்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. மேஜைமேல் வைத்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து: வைட்டமின் டி, ஆறு லட்சம் யூனிட், மாதம் ஒன்று. கீழே கங்கப்பன் பேனாவில் தேதிகள். ஒரு சனிக்கிழமை விடவில்லை. இருபத்திரண்டு.

"என்னய்யா இது?" என்றார் டாக்டர்.

கங்கப்பன் ஸ்டவ்வை அணைத்தார். "அவங்களேதான் வந்து கேட்டாங்க சார். ஊசி போட்டா அரமணி நேரம் பெஞ்சுல படுக்கலாம்னு இருக்குதில்ல. 'அண்ணா, ஒண்ணு போட்டுவுடு, கொஞ்சம் சாஞ்சிக்கிறேன்'னாங்க. சத்துதானேன்னு போட்டேன்."

சுவரோரம் அந்தப் பெஞ்சு கிடந்தது. பச்சை ரெக்சின், நடுவில் பள்ளம். கங்கப்பனைத் திட்டத் திரும்பியவள் அந்தப் பள்ளத்தில் கை வைத்துப் பார்த்தேன். அரைமணி நேரம் படுக்க ஒரு பொம்பளை இடுப்பில் ஊசி வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவளிடம் நான் பாலை நீட்டியிருக்கிறேன்.

டாக்டர் குரலை இறக்கினார். "இது இங்கயே இருக்கட்டும். பி காம்ப்ளெக்ஸ் போட்டோம்னு லெட்டர் தர்றேன். உனக்கு பெர்மனன்ட் ஆர்டர் வர்ற நேரம், யோசிச்சுப் பாரு."

"அந்த லெட்டரக் கொண்டுபோய்க் குடுத்தா எங்கம்மா கழுத்தத் திறப்பாங்க சார்."

"கார்டு கம்பெனி சொத்து."

"இடுப்பு எங்கம்மாவுது."

கார்டை எடுத்துக்கொண்டேன். அவர் கை நீட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. என் கேட் பாஸைக் கழற்றி ஊசித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கங்கப்பன் தலையைத் தூக்கவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி திம்மராயன் என் பையைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். டிபன் பாக்ஸும் குடையும்தான் இருந்தன. கார்டு என் கையிலேயே இருந்தது.

"அது இன்னாம்மா?"

"எங்கம்மா கார்டு. உள்ள கேட்டா, எடுத்துட்டுப் போயிட்டாள்னு சொல்லுங்க."

அவர் ஒருமுறை டிஸ்பென்சரிப் பக்கம் பார்த்தார். பிறகு சங்கிலியை இறக்கினார். ரோட்டைத் தாண்டி, பெங்களூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தேன்.