முதுகுப் பக்கம்

"தோளைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கய்யா" என்றார் சவப்பெட்டிக்காரர்.

பேராசிரியர் தூக்கிப் பிடித்தார். அக்கா இவ்வளவு கனப்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பெட்டிக்காரர் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து, கடையில் ஆயத்தமாக வைத்திருந்த வெள்ளை உடுப்பை உதறினார். இரண்டு கைகளையும் நுழைத்தார். கழுத்தடியில் சரி செய்தார். வேலை முடிந்துவிட்டது. அந்த உடுப்புக்கு முன்பக்கம் மட்டுமே இருந்தது. முதுகில் முடிந்துகொள்ள நான்கு நாடாக்கள் தொங்கின.

"பின்பக்கம் எங்கண்ணே?" என்று கேட்டாள் காஜாக்காரி. வீட்டோடு ஒட்டிய அக்காவின் தையல்கடையில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தவள். நேற்றுச் சாயங்காலம் மிஷின்மேல் தலை சாய்ந்து கிடந்த அக்காவை முதலில் பார்த்ததும் இவள்தான்.

"பின்பக்கம் எதுக்கும்மா? படுத்துக்கிட்டுத்தானே இருக்கப் போறாங்க. யாரு பார்க்கப் போறா?"

"அக்கா ஒருத்தருக்கும் அப்படித் தச்சதில்ல."

"அதான் உங்க கடையில வயசானவங்க முன்னாடியே சொல்லி வச்சுட்டு மாசக்கணக்கா காத்துக் கிடந்தாங்க. எங்கிட்ட வர்றவங்களுக்கு அவசரம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கலாமா வேண்டாமா என்று பேராசிரியரைப் பார்த்தார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக உயிர்த்தெழுதலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர் அவர். நான்கு மணி அடக்கத்துக்கு அவர்தான் பிரசங்கம். பையில் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். கூடத்தில் கூடியிருந்த ஜனத்துக்கு அதில் இரண்டு பக்கம்கூட ஏறாது என்பது அவருக்குத் தெரியும். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாரே. "நல்லா தூங்குறாங்க" என்றார் ஒருவர். "மேலேயிருந்து நம்மளப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் இன்னொருவர். "கடைசி நாள்ல எழும்பிருவாங்க" என்று ஒரு கிழவர், எட்டரை வண்டி வந்துரும் என்பதுபோலச் சொன்னார். தூங்குகிறவள் எப்படி மேலேயிருந்து பார்ப்பாள், மேலே இருக்கிறவள் ஏன் எழும்ப வேண்டும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அக்காவும் அந்தக் கூட்டம்தான். எட்டாம் வகுப்போடு நின்றவள். செத்தவர்களுக்கு வெள்ளை உடுப்பு தைத்தே வாழ்நாளைக் கழித்தவள். முன்பக்கம், பின்பக்கம், பட்டன், காஜா, ஓரத்தில் ஒரு பை என்று, நாளைக்கு வேலைக்குப் போகிறவனுக்குத் தைப்பதுபோல முழுசாகத் தைப்பாள். முதல்முறை அதைப் பார்த்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பை எதுக்குக்கா? சில்லறை போட்டுக்கவா?"

"எழும்புறப்போ கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிப்பாங்கடா. வெக்கமா இருக்கும்ல."

"அப்ப எழும்புறது மகிமையின் சரீரம், இந்த உடம்பு இல்ல. உன் துணி மக்கி மண்ணாயிரும்."

"நீ படிச்சவன், சொல்ற. ஆனா ஆண்டவர் உயிர்த்தெழுந்தப்போ கல்லறையில துணியை மடிச்சு வச்சுட்டுப் போனாருல்ல, வெளிய வந்து நின்னப்போ அவரைத் தேடி வந்த அந்தம்மா அவரைத் தோட்டக்காரன்னுதானே நினைச்சாங்க? அப்ப அவரு மேல தோட்டக்காரன் மாதிரி ஒரு உடுப்பு இருந்திருக்குமில்ல. அதை யாருடா தச்சாங்க?"

அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொன்னார். பையன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அதன்பிறகு வருஷா வருஷம் சொன்னார். அந்தப் பாடத்தில் எல்லோரும் விழித்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

"அக்காவுக்குன்னு தச்சு வச்சது ஒண்ணு இருந்துச்சுய்யா" என்றாள் காஜாக்காரி. "போன திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில ஒரு அம்மா இறந்துட்டாங்க. கேட்க ஆள் இல்ல. அக்கா அளவுதான். எடுத்துக் கொடுத்துட்டாங்க. எனக்கு என் தம்பி துணி வாங்கிட்டு வருவான், ஒரு மதியத்துல தச்சிருவேன்னாங்க."

பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது உண்மை. "மூணு மீட்டர் வெள்ளைடா, உன் வீட்டுப் பக்கத்துக் கடையில நல்லதா இருக்கும்." யாருக்கு என்றார். எனக்குத்தான் என்றாள். "உனக்கு அளவெடுக்க ஆண்டவர் இன்னும் டேப்பைத் தூக்கலக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தக் கடை வழியாகத்தான் தினமும் போய் வந்தார். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஊரில் ஒரு துணிக்கடையும் திறந்திருக்காது. வெள்ளை உடுத்தித்தான் அடக்கம் செய்வது அவர்கள் சபையில் வழக்கம். ஊரார் கொண்டுவந்து கொடுத்த வெள்ளையை எல்லாம் தைத்தவளிடம் சொந்தமாக ஒரு வெள்ளைத்துணி கிடையாது.

அப்போதுதான் அவருடைய பழைய மாணவன் உள்ளே வந்தான். இப்போது வேறொரு சபையில் போதகர். பெட்டியை எட்டிப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பிறகு பேராசிரியரின் காதருகே வந்தான்.

"சார், அந்தத் தோட்டக்காரர் துணி... இவங்கதானா?"

அவன் உதட்டோரம் பழைய சிரிப்பு வரப் பார்த்து, வந்த இடத்திலேயே நின்றது. பேராசிரியர் ஒரு மாதிரி தலையாட்டினார். அவன் கூடத்துக்குப் போய்விட்டான்.

"பெட்டியை மூடிரலாமாய்யா? மணி மூணு ஆச்சு" என்றார் பெட்டிக்காரர்.

பேராசிரியர் தன் பையைத் திறந்தார். பன்னிரண்டு பக்கங்களுக்கு அடியில் மடித்திருந்த வெள்ளை அங்கியை எடுத்தார். அவர் குருப்பட்டம் பெற்றபோது அக்கா தைத்தது. முதுகில் மட்டும் ஏகப்பட்ட மடிப்பு வைத்திருந்தாள். "முன்பக்கம் நீயே பார்த்துக்குவ, பின்பக்கத்துக்குத்தான் ஆள் வேணும்" என்றிருந்தாள். அப்போது அதற்கும் சிரித்தார்.

"பின்பக்கம் மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

காஜாக்காரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பின்னால் நகர்ந்தாள். "ஐயா, இதைப் போட்டுக்கிட்டுத்தானே நீங்க பிரசங்கத்துக்கு..."

"நான் ஜனத்தைப் பார்த்துத்தானே நிக்கப் போறேன். என் முதுகை யாரு பார்க்கப் போறா?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது. பெட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஜாக்காரி அங்கியின் முதுகைத் தோளிலிருந்து நேராகக் கத்தரித்து, அக்கா மேலிருந்த உடுப்பைக் கழற்றி அதோடு சேர்த்தாள். மிஷின் இருபது நிமிஷம் ஓடியது. கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாடாக்களை அறுத்துப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தைக்காமல் விட்டு, அங்கே ஆறு பட்டனும் ஆறு காஜாவும் வைத்தாள். மறுபடி தோளைத் தூக்கிப் பிடித்தார்கள். பட்டன்களைப் பேராசிரியர்தான் போட்டார். இடுப்போரம் அவர் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. பை. அதையும் எப்போது வைத்தாளோ.

நான்கு மணிக்கு மிச்சமிருந்த அங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முன்னால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றை மட்டும் அவர் மறந்துபோயிருந்தார். இத்தனை வருஷமாகச் செய்தும் மறந்துபோயிருந்தார். பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டியவர் அவர். பெட்டியும், பெட்டிக்குப் பின்னால் தெருவை அடைத்து நிற்கிற அத்தனை பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் வரவேண்டும்.

அங்கி இரண்டு பக்கமும் விலகிச் சரிந்தது. வியர்வையில் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் "உச்" கொட்டினாள்.

"ஒரு நிமிஷம்" என்று பெட்டிக்காரரின் குரல் கேட்டது. தூக்கப் போன பெட்டியைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது. பிறகு அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். கழுத்தடியில் ஒரு முடிச்சு விழுந்தது. இடுப்பில் ஒன்று. அறுத்துப் போட்ட நாடாக்கள்தான். எப்போது எடுத்து வைத்துக்கொண்டார், எப்படி அங்கியில் ஊக்குக் குத்தினார், ஒன்றும் தெரியவில்லை.

"இறுக்கமா இருக்காய்யா?"

"இல்ல."

"அப்ப நடங்க."

பேராசிரியர் நடந்தார். தெருமுனை திரும்பியபோது அங்கியில்லாத முதுகில் காற்று பட்டது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.