பச்சைப் பொத்தான்

"பச்சைப் பொத்தானை அமுக்கும்மா" என்று நான்தான் சொன்னேன். சொன்னதோடு விடாமல், கம்பெனியிலிருந்து வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் இயந்திரத்துக்குள்ளே இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. துளை குடையும் கருவி முறிந்து, அதைப் பிடித்திருந்த தலைப்பாகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

காலையில் பழைய கருவி மழுங்கிவிட்டதென்று புதிதாக ஒன்றை மாட்டியிருந்தேன். பழையதைவிட அது நீளம். நீளம் மாறினால் அளந்து இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். பாவம், அதற்குக் கண் கிடையாது. அளக்கக் குனிந்தபோது "கம்பெனிக்காரங்க வந்துட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். புதுக் கருவியை அளக்காமல் ஓட்டக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் தொண்டை வறளக் கத்துகிறவனும் நானே.

பொத்தானை அமுக்கியவள் விரலை இன்னும் எடுக்கவில்லை. வகுப்பில் வயதில் மூத்தவள் என்பதால் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாரு ஓட்டினது?" என்று கேட்டார் கம்பெனியின் பயிற்சி மேலாளர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். ஒரு இருமல் வந்தது.

அதற்குள் எங்கள் கல்லூரி முதல்வர் முன்னால் வந்துவிட்டார். "பயிற்சி மாணவி சார். கத்துக்கற இடத்துல நடக்கறதுதானே."

மேலாளர் அக்காவின் சட்டைப் பையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் குனிந்து படித்தார். எங்கள் தலைக்கு மேலே 'கல்வியும் தொழிலும் கைகோர்ப்போம்' என்ற பேனர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கைகோர்ப்பு இதுதான்: கம்பெனி இயந்திரம் தரும், கல்லூரி ஆள் தரும், நன்றாக முடிப்பவர்களைக் கம்பெனி நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். ஆள் பிடிக்கிற வேலை எனக்கு. அக்கா தைத்துக்கொண்டிருந்த ஆடைக் கம்பெனியின் வாசலில் நின்று நான்தான் அவளிடம் பேசினேன். "ஊசிக்குப் பதிலா வேற டூல், அவ்வளவுதாம்மா. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்." பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துக்கொண்டு, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். பல்லைக் கடித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள். அதனால்தான் அன்று செய்து காட்ட அவளை நிறுத்தினேன்.

சாயங்காலம் முதல்வர் அறைக்குப் போனேன்.

"சார், தப்பு என்னுது. புது டூலை அளக்காம விட்டுட்டேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மாணவர் கையால உடைஞ்சா கம்பெனி செலவு. வாத்தியார் கையால உடைஞ்சா நம்ம செலவு. ஒப்பந்தம் அப்படி. இப்ப சொல்லுங்க, யார் கை?"

"அமுக்கினது அவ கைதான் சார். ஆனா…"

"அந்த ஆனாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணோட வேலை?"

"மேலாளர்கிட்ட பேசிப் பாக்கணும்."

"எப்ப?"

"பாக்கறேன்."

"உங்களுக்கு வாய் ஜோக்கு சொல்லவும் சாப்பிடவும்தான்" என்று தலையணை உறையை உதறினாள்.

பயிற்சி முடிந்ததும் கம்பெனி எடுத்துக்கொண்டவர்களில் அக்கா இல்லை. பாதுகாப்புக் கண்ணாடியையும் நீலக் கோட்டையும் திருப்பிக் கொடுக்க வந்தாள். கோட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தாள்.

"அடுத்த பேட்ச்ல பாக்கலாம்மா."

"சரி சார்."

"உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்."

"பரவால்ல சார்."

அந்தப் பரவாயில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அது போதுமென்று சில மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் புதிய மாணவர்களைக் கம்பெனியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போக வேண்டி வந்தது. அன்றைக்காவது சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே வசனத்தை மனப்பாடம் செய்தேன்.

மேலாளர் காபி வரவழைத்தார். நான் அதைத் தொடாமல் சொன்னேன். "சார், அன்னிக்கு மெஷினை உடைச்சது நான். அந்த அம்மா இல்ல. அளக்காம விட்டது நான், அமுக்கச் சொன்னதும் நான்."

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "மாணவிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கற வாத்தியாரை இப்பதான் பாக்கறேன். பெரிய மனசு சார் உங்களுக்கு."

"இல்ல சார், நெசமாவே…"

"புரியுது, புரியுது. காபி ஆறுது பாருங்க."

ஒருவன் உண்மையைச் சொல்லியும் நல்லவனாகிவிட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

உற்பத்திக் கூடத்தில் மாணவர்கள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்று, வரிசையாக ஓடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நீள மேசை. இயந்திரங்கள் கடைந்து தள்ளும் பாகங்களின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் ராவிக்கொண்டு சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவள் நிமிர்ந்தாள். அக்கா.

"வாங்க சார்."

"இங்கயாம்மா இருக்கே?"

"பழைய இடத்துல திரும்ப எடுக்கல சார். இங்க கான்ட்ராக்ட்ல சேந்தேன்." பேசிக்கொண்டே ராவினாள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதன் மேல் இரும்புத்தூள் கறுப்பாகப் படிந்திருந்தது.

"மெஷின்ல கேட்டுப் பாக்கலையா? உனக்கு எல்லாம் தெரியுமே."

"கேட்டேன் சார். உடைச்சவளை அந்தப் பக்கம் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவளிடம் சந்தேகம் கேட்டுப் படித்த ஒருவன் இயந்திரத்தின் முன் நின்றிருந்தான். எங்களைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

"மேலாளர்கிட்ட இப்பதாம்மா சொன்னேன். என்னை மகான்னுட்டாரு" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என் மேல கோபமாம்மா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல சார்."

"இல்ல, நெசமாக் கேக்கறேன்."

அவள் கையிலிருந்த பாகத்தை ஊதி, துளையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"இருக்கு சார்" என்றாள். "அன்னிக்கு நீங்க சொல்லுவீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்."