மூன்றாம் மாடி ஜன்னல்

சுவரில் படம் காட்டிப் பிழைக்கிறாள் என்று அண்ணன் சொன்னது ஒரு விருந்தில், அதுவும் அவளுடைய மாமியார் வீட்டார் முன்னால். தங்கை அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு வருஷம் ஆயிற்று. இருவருக்கும் வீம்பில் குறைச்சல் இல்லை. நடுவில் அண்ணிதான் இரண்டு பக்கமும் பேசிப் பேசித் தொண்டை வறண்டுபோனாள்.

இப்போது ஒரு பஸ் கம்பெனி தன் விளம்பரத்துக்கு அவளைத் தேடி வந்தது. ராத்திரியில் புரொஜெக்டர் வைத்து ஒரு கட்டடம் முழுக்கப் படம் விழ வேண்டும். மலை, பாலம், மழை என்று பஸ் சுவரெல்லாம் ஏறி இறங்கிக் கடைசியில் வீடு வந்து சேர வேண்டும். அவள் தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை. சொதப்பினால் அடுத்தது கிடையாது. கம்பெனி பிடித்த கட்டடமோ கடைத்தெரு முனையில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் அண்ணன் வீடு.

உள்ளே விளக்கு எரிந்தால் சுவரில் படம் எடுபடாது. காட்சி நேரத்தில் அணைத்து வைக்கும்படி அவளுடைய உதவியாளன் வீடு வீடாகப் போய்க் கேட்டான். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவனைத் தவிர. "அவ வந்து கேக்கட்டும்" என்றானாம் அண்ணன்.

என் கால் அந்தப் படியேறாது என்றாள் அவள். ஏறவும் இல்லை. அதற்குப் பதில் படத்தையே மாற்றினாள். இருட்டியதும் அண்ணன் அந்த ஜன்னலோரம் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். தலைகீழாக நின்றாலும் அணைக்கமாட்டான். சரி, எரியட்டும். அந்த ஜன்னலில் மட்டும் புரொஜெக்டர் வெளிச்சம் விழாதபடி வெட்டிவிட்டு, சுற்றிலும் கூரையும் வாசலும் மரமும் வரைந்தாள். ஊரே தூங்கும்போது, பஸ்ஸில் வருகிறவருக்காக ஒரே ஒரு ஜன்னலில் நிஜ விளக்கு எரியும். கம்பெனி மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காட்சியன்று சாயங்காலம் எதிர் மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோதுகூட அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. படம் ஓடத் தொடங்கியது. சுவரில் மலை எழும்பியதும் தெருவில் கூட்டம் வாயைப் பிளந்தது. அவள் மூன்றாம் மாடியைப் பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பொத்தல். அண்ணன் விளக்கை அணைத்துவிட்டிருந்தான்.

"விளக்கு எங்கம்மா?" என்றார் மேலாளர். ஓடுகிற படத்தில் இனிக் கைவைக்க முடியாது. பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. போனை எடுத்தாள்.

"பாத்தியா, அணைச்சிட்டேன்" என்றான் அண்ணன், எடுத்த எடுப்பிலேயே. "நீ வந்து கேக்கலைன்னா என்ன, உன் வேலை கெடக் கூடாதில்ல?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அண்ணா, லைட்டைப் போடு."

"எல்லாரும் அணைச்சிருக்காங்க. நான் மட்டும் போட்டா உன்னைத்தானே திட்டுவாங்க?"

"நீ அணைக்கவே மாட்டேன்னு நம்பித்தான் மொத்தப் படமும் பண்ணியிருக்கேன். போடுண்ணா."

"அவ்வளவு மோசமாவா என்னை நினைச்சே?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. பஸ் மழையைத் தாண்டி வந்து அதன் அடியில் நின்றது. தெரு முழுக்கக் கைதட்டல். மேலாளர் கைகுலுக்க வந்தார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆமாண்ணா, நினைச்சேன்" என்றாள்.