ஷம்லாவின் நேரம்

பாங்காக்கில் நடந்த சர்வதேச நீச்சல் போட்டிக்கு மாலத்தீவிலிருந்து இரண்டு பெண்கள்தான் வந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஆனால் மாலேயில் விமானம் ஏறியதிலிருந்து ஷம்லா முகம் கொடுத்துப் பேசவில்லை. அது ரவ்ஹாவுக்கு முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

காரணம் தெரியாமல் இல்லை. நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் நாட்டின் சாதனை பல வருடமாக ஷம்லாவின் பெயரில் இருந்தது. ஒரு நாட்டுக்கு ஒரே இடம் என்றதும் பயிற்சியாளர் சுஹைல் அதை ரவ்ஹாவுக்குக் கொடுத்துவிட்டார். ஷம்லாவுக்கு வாய்த்தது பட்டர்ஃப்ளை பந்தயம் மட்டும். ரவ்ஹாவின் பந்தயத்துக்கு முந்தின நாளே அதை நீந்தி, கடைசியாக வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் ரவ்ஹா கிளம்பியபோது ஷம்லா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அக்கா, போயிட்டு வரேன்."

போர்வை அசையவில்லை.

காத்திருப்பு அறையில் பக்கத்திலிருந்த உயரமான பெண் கேட்டாள். "எந்த ஊரு நீ?"

"மாலத்தீவு."

"அட, தேனிலவுக்குப் போற இடமாச்சே! அங்க நீச்சல்கூட அடிப்பாங்களா?"

"கடலுக்கு நடுவுல இருக்கோம். அடிக்காம எப்படி?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரவ்ஹாவும் சிரித்தாள். அப்புறம் அவளிடம் யாரும் பேசவில்லை.

மாலேயில் கடலைத் தடுத்துக் கட்டிய இடத்தில் நீந்திப் பழகியவள் அவள். அங்கே அலை முகத்தில் அறையும். இங்கே தண்ணீர் செத்ததுபோல் கிடந்தது. மூச்சு முட்ட நீந்திச் சுவரைத் தொட்டு நிமிர்ந்தாள். பலகையில் அவள் பெயருக்கு எதிரே புதிய தேசிய சாதனை என்று ஒளிர்ந்தது. பாதி காலியான அரங்கில் சுஹைல் மட்டும் குதித்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சுட்டியே பொண்ணே!"

"அக்கா வந்தாங்களா சார்?"

அவர் முகம் சுருங்கியது. "தலைவலின்னு சொன்னா."

அம்மாவுக்குப் போன் போட்டாள். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம்.

"ஜெயிச்சுட்டியாடி?"

"இல்லம்மா. என் சுற்றுல நாலாவது. ஆனா சாதனை."

"நாலாவதா? விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம். சாப்பிட்டியா?"

அறைக்குத் திரும்பியபோது ஷம்லா தரையில் உட்கார்ந்து பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"உன் பந்தயத்த போன்ல பாத்தேன்" என்றாள். "சுவர்ல திரும்பினதும் முதல் கைவீச்சுலயே மூச்சு எடுத்துட்ட. எடுக்காம இருந்தா நேரம் இன்னும் கொறஞ்சிருக்கும்."

"நேர்ல வந்திருக்கலாமே அக்கா."

"வந்தா கத்தியிருப்பேன். நீ ஜெயிக்கணும்னு கத்துவேனா, தோக்கணும்னு கத்துவேனான்னு எனக்கே தெரியல."

ரவ்ஹா தோளிலிருந்த பையைக் கட்டிலில் வைத்தாள்.

"இதோட நான் நிறுத்திக்கிறேன். சுஹைல்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் எனக்கு மட்டும் விமானம்."

"அப்போ எனக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாருடி இருந்தா? எல்லாப் போட்டிக்கும் ஒத்தையாத்தான் வந்தேன். ஒரு பொண்ணோட சேந்து வந்தது இதுதான் முதல் தடவை. அதுலயும் பேசாமயே இருந்து தொலைச்சுட்டேன்." ஷம்லா மூக்கை உறிஞ்சினாள். "வா, பெட்டி மேல உக்காரு. ஜிப்பு மூட மாட்டேங்குது."

ரவ்ஹா ஏறி உட்கார்ந்தாள். ஷம்லா பல்லைக் கடித்து இழுத்தாள். மூடிய பிறகும் ரவ்ஹா பெட்டியை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்கு ரவ்ஹா தனியாகப் போனாள். பெரிய அணிகள் சிரித்துச் சத்தம்போட்டுக்கொண்டிருந்த குளத்தில் ஓரத் தடத்தில் இறங்கினாள். சுவரில் திரும்பியதும் முதல் கைவீச்சுக்கு மூச்சு எடுக்கவில்லை.